வேலையை விடச் சொல்றவங்க எஸ்.ஐ.பி. பத்தி ஏன் வாயே திறக்கறதில்ல?



40 வயசு தாண்டினவங்களுக்கு வழிகாட்ட இப்போ ஆளுக்குப் பஞ்சமே இல்ல. லைஃப் கோச், லீடர்ஷிப் கோச், கேரியர் கோச். ஓட்டல் ஹாலில் நடத்தினார்கள், ஸூமில் நடத்தினார்கள், இப்போ கோயில் மண்டபத்துக்கே வந்துட்டாங்க. பின்னால் நின்று நாற்காலி அடுக்கிய தொண்டூழியர்கள் நாங்கள். காதில் விழுந்ததை வைத்துத்தான் எழுதுகிறோம்.

"பயத்தை விடுங்க, வேலையை விடுங்க, உள்ளே இருக்கிற தலைவரை எழுப்புங்க" என்றார் பேச வந்தவர். பலத்த கைத்தட்டல். கடைசியில் பேக்கேஜ் விலை: 3,800 வெள்ளி, தவணையிலும் கட்டலாமாம்.

மூணு மணி நேரத்துல எஸ்.ஐ.பி. என்ற மூணு எழுத்து ஒரு தடவைகூட வரல.

2018 முதல் நம் சம்பளத்தில் மாசாமாசம் 0.2 விழுக்காடு அதற்குப் போகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். சொக்சோ நடத்துகிற வேலை காப்புறுதித் திட்டம் அது. ஆட்குறைப்பில் வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அடுத்த மாதம் 50, அப்புறம் ரெண்டு மாதம் 40, கடைசி ரெண்டு மாதம் 30. சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 6,000 வெள்ளி உச்சவரம்பு. புதுத் தொழில் கற்கப் பயிற்சிக் கட்டணம் 4,000 வெள்ளி வரை. கோச் கேட்ட காசை விட அதிகம், பாருங்க!

ஆனா நாமே ராஜினாமா பண்ணினா? ஒரு சென் கிடையாது. "வேலையை விடுங்க"ன்னு மேடையில் சொல்றவர் இதைச் சொல்லாம விட்டா, அதுக்குப் பேரு வழிகாட்டலா?

கம்பெனியிலும் இதே கதைதான். "சுமுகமா முடிச்சுக்கலாம் அண்ணே, ஒரு ராஜினாமா கடிதம் மட்டும் கொடுத்திடுங்க" என்பார்கள். கையெழுத்துப் போட்டால் எஸ்.ஐ.பி. சிக்கல், ஆட்குறைப்பு இழப்பீடும் சிக்கல். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாத சம்பளக்காரருக்கு, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்திருந்தால், வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் சட்டப்படி வரவேண்டும். பதினெட்டு வருஷம் உழைச்சவர் எவ்வளவு இழக்கிறார்னு நீங்களே கணக்குப் போடுங்க.

இதில் கெடு வேறு இருக்கிறது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் எஸ்.ஐ.பி.க்கு விண்ணப்பிக்கணும். நம்மாளுங்க அந்த 60 நாளை வெட்கத்துலயே கழிச்சிடறாங்க. வீட்டில் சொல்லாமல், காலையில் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, மத்தியானம் வரை கோயில் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்களை எங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு வேண்டியது எழுச்சி உரையா?

கோச்சிங்கே வேண்டாம்னு சொல்ல வரல. நல்ல கோச் கேள்வி கேட்பார், காது கொடுப்பார், முடிவை நம்மிடமே விடுவார். ஆனால் இந்த நாட்டில் கவுன்சிலராகத் தொழில் செய்ய 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். கோச் ஆக ஒரு விசிட்டிங் கார்டு போதும். அனைத்துலகக் கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றிதழுக்கே 100 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் அதையாவது கேளுங்க.

"சமநிலைத் தலைமைத்துவம்" என்ற வார்த்தையும் எங்களுக்கு எரிச்சல். 12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் செக்யூரிட்டியிடம் போய் காலை ஐந்து மணிக்கு எழுந்து டைரி எழுதச் சொல்வது என்ன சமநிலை? எங்கள் சமையல்கட்டு அக்கா ஒருத்தர், தைப்பூசத்துக்கு மூவாயிரம் பேருக்குச் சாப்பாடு போடறவர். அரிசிக் கணக்கு, ஆள் கணக்கு, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர்தான். பயோடேட்டாவில் "அனுபவம்: இல்லை" என்று எழுதியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மாற்றிக் கொடுத்தாலே பாதி கோச்சிங் முடிஞ்சது. அதுக்கு 3,800 வெள்ளி ஆகாது.

நிர்வாகத்துக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இனி வேலை, தலைமைத்துவம் என்று யார் மண்டபம் கேட்டு வந்தாலும், முதல் அரை மணி நேரம் எஸ்.ஐ.பி. விளக்கம் நடக்கணும். சொக்சோ அலுவலகத்தில் பேசி ஆளை அழைத்து வர நாங்கள் தயார். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மண்டபம் கொடுக்காதீங்க. வாடகைக் காசு போனா போகட்டும்.