மோனை கேட்ட காது

புத்தகம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்று அண்மையில் ஓர் இதழ் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரைப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்குவதற்கு அவர்களின் தாய்தகப்பன் வாய்மொழிக்காரராய் இருப்பதே காரணமாம். வறுமையைச் சொல்லியிருந்தால் ஒப்பியிருப்போம். போரில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தைச் சொல்லியிருந்தாலும் ஒப்பியிருப்போம். வாய்மொழியைக் குற்றவாளியாக்கியதைத்தான் ஒப்ப முடியவில்லை.

வயல் வேலை முடிந்து கூத்துப் பழக வந்தவர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அவரவர் பாட்டைப் பிரித்துச் சட்டங்கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லச் சொல்லக் கேட்டே, விடியவிடிய ஆடும் வடமோடிக் கூத்தின் விருத்தமும் தருவும் அவர்களுக்குப் பாடமாகிவிடும். வைகாசியில் அம்மன் கோயிலில் கண்ணகி வழக்குரை படிக்கையில் அம்மாவின் மடியில் கிடந்து கேட்கிற பிள்ளைக்கு மோனை தெரியும். அதன் பெயர்தான் தெரியாது. இரண்டு சொல் ஒரே ஓசையில் தொடங்குவதைக் காது பிடித்துவிட்டால் வாசிப்பில் பாதி வந்துவிட்டது. மீதிப் பாதிதான் பள்ளிக்கூடத்தின் வேலை.

எழுத்ததிகாரம் என்று பெயர் வைத்துவிட்டுத் தொல்காப்பியர் பிறப்பியலில் பேசுவது நாவையும் இதழையும் மூச்சையும். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர், சிலப்பதிகார அரங்கேற்று காதையின் எழுத்துகளுக்குள் அடங்கிக் கிடந்த யாழின் ஓசையைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அவருடைய யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் இல்லை. அந்த நூலை முதன்முதல் கையில் எடுத்த நாளின் நடுக்கம் எமக்கு இன்னும் போகவில்லை. எழுத்து ஓசையின் இருப்பிடம் என்பதை அதற்குமேல் யார் காட்ட வேண்டும்?

இன்று முன்பள்ளியிலேயே கையில் பென்சில். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பயம் மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. விஜயதசமியன்று அரிசியில் முதல் எழுத்தை எழுதவைத்து ஏடு தொடக்கிய மரபு, ஒரே நாளில் அரிச்சுவடியை முடிக்கச் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் 'த' எழுதிப் பக்கம் நிரப்பிய பிள்ளையிடம், "தம்பி, தங்கச்சி, ரெண்டும் எந்தச் சத்தத்தில தொடங்குது, மனே?" என்று கேட்டோம். பதில் வரவில்லை. அந்தக் கை எழுதவில்லை, கோடு கீறியது.

மாவோரிப் பிள்ளைகளிடம் அவரவர் சொல்லையே கேட்டு வாங்கி எழுதிக்கொடுத்து வாசிக்க வைத்தார் நியூசிலாந்து ஆசிரியை சில்வியா ஆஷ்டன்-வார்னர். கற்பவரின் சொல்லிலிருந்தே எழுத்தறிவைத் தொடங்கிய ஃபிரெய்ரேயை மேடைதோறும் சொல்கிற நாம் இதை ஏன் முதலாம் தரத்தில் செய்யவில்லை?

குருமண்வெளியில் பாதை என்னும் மிதவைப் படகு ஏறி, வாவி கடந்து மண்டூருக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்களே, முதல் மாதம் கொப்பியை மூடி வையுங்கள். பிள்ளை தோணி என்றால் தோணி, இறால் என்றால் இறால். அதையே எழுதி அதன் கையில் கொடுங்கள்.