மருந்து கிடைக்கிறது, சளி வெளியேறுகிறதா?

2022 டிசம்பரில் காற்றின் தரம் மோசமடைந்து, 9ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டபோது சுவாச நோயாளிகளைப் பற்றி நாடே பேசியது. அதே ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டால் பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. மருந்துத் தட்டுப்பாடும் பெரும் பேச்சானது. ஆனால், பெரிய செலவில்லாத ஒரு சிகிச்சை நோயாளிகளைச் சென்றடைகிறதா என்ற கேள்வி இன்றுவரை உரத்து எழவில்லை. சளியை வெளியேற்றும் சுவாசப் பயிற்சிதான் அது.

காசநோய் குணமான பின்னும் சிலருக்கு மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சேதமடைந்துவிடுகின்றன. சளி உள்ளேயே தேங்குகிறது. அதில் கிருமி வளர்கிறது. தொற்று மேலும் சேதப்படுத்துகிறது. அன்டிபயோட்டிக் கிருமியைக் கொல்லும், இன்ஹேலர் குழாயை விரிக்கும். தேங்கிய சளியையோ நோயாளியே வெளியேற்ற வேண்டும்.

அதற்கான முறை எளிமையானது. முதலில் தோள்களைத் தளர்த்தி அமைதியாக மூச்சு விடுதல். அடுத்து, மூன்று நான்கு முறை ஆழமாக உள்ளிழுத்து, சில வினாடிகள் நிறுத்தி மெதுவாக விடுதல். பின்னர், மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவதுபோல வாயைத் திறந்து ஓரிரு முறை ‘ஹா’ என்று ஊதுதல். சளி மேலே வந்ததும் இருமித் துப்பலாம். இப்படிச் சில சுற்றுகள். சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. சளியில் இரத்தம் வந்தாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இது எல்லோருக்கும் உரியதல்ல. வறட்டு இருமல்காரருக்குப் பயனில்லை. ஆகவேதான் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்துக் கற்பிக்க வேண்டும். மூச்சுக்குழாய் விரிவு நோயாளிகளுக்கு அவ்வாறே கற்பிக்கும்படி பிரித்தானிய மார்பு நோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் கூறுகிறது.

இங்கே தடையாக இருப்பது பணமல்ல, நேரமும் ஆளும்தான். கிளினிக்கில் நீண்ட வரிசை. வைத்தியருக்குச் சில நிமிடங்கள். சீட்டு புதுப்பிக்கப்படுகிறது, நோயாளி வீடு திரும்புகிறார். நெருக்கடிக்குப் பின் சுகாதாரத் துறையினர் பலர் வெளிநாடு சென்றது சுமையைக் கூட்டியிருக்கிறது. பாமசியில் தாமாக வாங்கும் இருமல் அடக்கும் பாணியோ, வெளியேற வேண்டிய சளியை உள்ளேயே வைத்துவிடும்.

மொழியும் ஒரு தடை. மூச்சை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது ஊத வேண்டும் என்பதைப் புரியாத மொழியில் கற்க முடியாது. தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழில் விளக்கம் கேட்பது சலுகையல்ல, உரிமை.

சுகாதார அமைச்சு செய்யக்கூடியது பெரிதல்ல. சளி தேங்கும் நோய் என்று கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் பிசியோதெரபி பிரிவில் ஒரு கற்பித்தல் அமர்வு, சில மாதங்களில் ஒரு மீள்பரிசோதனை, இரு மொழிகளிலும் ஒரு குறுங்காணொளி. இதற்குப் புதிய இயந்திரமோ டொலரோ தேவையில்லை.

நோயாளிகளும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிளினிக்கில் மருந்துச் சீட்டோடு இன்னொரு கேள்வியையும் முன்வையுங்கள்: “சளியை வெளியேற்றும் பயிற்சி எனக்கு வேண்டுமா? யார் சொல்லித் தருவார்?”