மூன்று மணி நேரம் தாங்குகிற கையெழுத்து

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் மகளோடு வீட்டுக்கு வந்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். மகள் பத்தாம் வகுப்பு. அவன் கையில் அவளுடைய அரையாண்டுத் தேர்வு சமூக அறிவியல் விடைத்தாள்.

"டீச்சர், எல்லாம் படிக்கிறா. பரீட்சையில முடிக்க மாட்டேங்கிறா. கையெழுத்தும் சரியில்லைன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. லீவுல கையெழுத்து கிளாஸ்ல சேர்க்கட்டுமா?"

தாளைப் புரட்டினேன். முதல் நான்கு பக்கம் ஓரளவு படிக்க முடிந்தது. அதற்குப் பிறகு எழுத்து சரிந்து, நெருங்கி, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. எட்டு மார்க் கேள்வி இரண்டையும் தொடவே இல்லை. 16 மார்க் அங்கேயே போயிற்று. வாயால் கேட்டுப் பார்த்தேன். ஜாலியன்வாலா பாக் 1919, உப்புச் சத்தியாகிரகம் 1930, வெள்ளையனே வெளியேறு 1942 என்று கடகடவென்று சொன்னாள். மேலே சிவப்பு மையில் 'கையெழுத்தைத் திருத்தவும்' என்று இருந்தது. தினமும் பத்துப் பக்கம் பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"எதிரில் உட்கார்ந்து எழுதும்மா" என்றேன். இடது கையில் பேனாவை எடுத்தாள். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனும் இடது கைக்காரன்தான். அவனை வலது கைக்கு மாற்றியது நான். "பீச்சாங்கையில எழுதாதடா" என்று சொல்லி ஸ்கேலால் அடித்தே மாற்றினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவன் அம்மாவும் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையையும் அவன் முழுசாக முடித்ததில்லை. சோம்பேறி என்று நானே ரேங்க் கார்டில் எழுதியிருக்கிறேன். அன்று என் புது போன் நம்பரைச் சொன்னபோது, இடது கையில் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு எண்ணாக, மெதுவாகக் குறித்துக்கொண்டான். 40 வயது தாண்டியவன்.

அதனால்தான் இந்தப் பதிவு. கையெழுத்து விஷயத்தில் ஆசிரியர்களாகிய நாங்கள் பல வருடமாகத் தப்பான இடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. அழகு, அழகு என்றே சொன்னோம். கை வலிக்கிறதா என்று ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை.

பொதுத்தேர்வில் 10 மணிக்குக் கேள்வித்தாள் தருகிறார்கள். படிக்கப் பத்து நிமிடம், விவரம் நிரப்ப ஐந்து நிமிடம், பிறகு 10.15 முதல் 1.15 வரை எழுத்து. 100 மார்க்குக்கு 180 நிமிடம். ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். அதில் உள்ள சொற்கள் தாளில் இருக்கின்றனவா என்றுதான் அவர் தேடுகிறார். அந்தச் சொல் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். முத்து முத்தாக எழுதி முக்கால் தாளில் நிறுத்துகிற பிள்ளைக்கு என்ன லாபம்?

இந்தப் பெண் எழுதும்போது கவனித்தேன். நிப்புக்கு ஒட்டினாற்போலப் பிடித்திருக்கிறாள். ஆள்காட்டி விரல் உள்ளே மடிந்து நகம் வெளுத்துப்போகிறது. பக்கத்தைத் திருப்பித் தடவினால் பின்னால் எழுத்து புடைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவு அழுத்தம். இடது கை வரியின் மேலே போய் வளைந்துகொள்கிறது. அப்பா ஆசையாக வாங்கிக்கொடுத்த விலை கூடிய ஜெல் பேனா, ஈரம் காய்வதற்குள் உள்ளங்கை ஓரமெல்லாம் நீலம். இருபது நிமிடத்தில் கையை உதற ஆரம்பித்துவிட்டாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு தினமும் பத்துப் பக்கம் எழுதினால் வலிதான் வளரும்.

இம்போசிஷனும் அப்படித்தான். நூறு தடவை எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? முதலில் 'நான்' என்று வரிசையாக நூறு, பிறகு 'இனி' என்று நூறு. நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள், எனக்குத் தெரியும்! எவ்வளவு சீக்கிரம் கிறுக்கலாம் என்பதற்கு நாங்களே கொடுத்த பயிற்சி அது.

இன்னொன்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். இப்போது பத்தாவது படிக்கிற பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் இருந்தபோதுதான், 2020 மார்ச்சில், பள்ளிகள் மூடின. கை பழகவேண்டிய வயதில் கல்வித் தொலைக்காட்சியும் செல்போனும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன்?

முதலில் பேனா. கொஞ்சம் தடிமனான சாதாரண பால் பாயிண்ட் போதும். பிடிக்கும் இடத்தில் இரண்டு ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொள்ளச் சொன்னேன். முனையிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். இடது கைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி. அப்போதுதான் எழுதியது கண்ணுக்குத் தெரியும். அடுத்தது தாளை வைக்கும் விதம். இடது கைக்காரர்களுக்குத் தாளின் மேல்பக்கம் வலப்புறமாகச் சாயவேண்டும், கை வரிக்குக் கீழே நிற்கவேண்டும். வலது கைக்காரர்களுக்குத் தாள் இடப்புறம் சாயவேண்டும். தாளை நேராக வைத்துவிட்டு உடம்பைக் கோணலாக்கி எழுதுகிற பிள்ளைகள்தான் அதிகம். முழங்கைக்குக் கீழே முழுவதும் மேசைமேல் படிய வேண்டும்.

அழுத்தத்தைக் குறைக்க ஒரு வழி. அடியில் பழைய செய்தித்தாளை வைத்து எழுதச் சொல்லுங்கள். செய்தித்தாளில் தடம் விழாமல் ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் நாள் எரிச்சல் வரும். நான்கைந்து நாளில் விரல் தானாகத் தளரும்.

எழுத்தைப் பொறுத்தவரை, முழுக் கையெழுத்தையும் மாற்றவே மாற்றாதீர்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த புதுசு. லை, ளை, னை எல்லாம் அதுவரை தும்பிக்கை வைத்து எழுதியவள். மாறியது 13 எழுத்துதான். அந்தப் பதின்மூன்றை மட்டும் தனியாகப் பழகினேன், ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பிள்ளையின் தாளில் படிக்க முடியாமல் போகிற நான்கைந்து எழுத்தை மட்டும் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் துணைக்காலும் ர-வும் ஒன்றாகிவிடும். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தெரியாது. புள்ளி பக்கத்து எழுத்தின் தலைக்குப் போய்விடும். எண்களில் 1-ம் 7-ம், கணக்கில் அது உயிரையே வாங்கும். இவற்றைத் திருத்தி, சொல்லுக்குச் சொல் ஒரு எழுத்து அளவு இடம் விட்டாலே பாதித் தாள் தெளிந்துவிடும்.

தலைப்புக்குக் கறுப்பு, விடைக்கு நீலம் என்று பேனா மாற்றி மாற்றி எழுதுவதும், வரிக்கு வரி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. பல ஆசிரியர் நண்பர்கள் இதில் என்னோடு சண்டை போடுவார்கள். ஒரு பேனா போதும். நேரம் மிஞ்சினால் கடைசியில் கோடு போடட்டும்.

முதல் வாரம் நிறுத்தாமல் இருபது நிமிடம், பிறகு முப்பது, நாற்பது என்று கூட்டி, பிப்ரவரிக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். மார்ச் மாதம் கையெழுத்து கிளாஸ் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் கை ஒத்துழைக்காத பிள்ளைகள் உண்டு. அது திமிர் இல்லை. எழுதுவதில் உள்ள குறைபாட்டையும் கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் பொதுத்தேர்விலும் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் நடக்காது. அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்று தயங்கி, கேட்காமலே விட்ட இரண்டு குடும்பங்களை ஆவடியிலேயே எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அந்தப் பெண் வகுப்பில் பெஞ்சின் வலது ஓரத்தில் உட்காருகிறாளாம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துப் பெண்ணின் முழங்கையோடு இடி. இடது ஓரத்துக்கு மாற்றி உட்கார வைக்கும்படி ஒரு சீட்டு எழுதி அவள் வகுப்பாசிரியைக்குக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் வகுப்பில் அவள் அப்பாவுக்கு நான் செய்திருக்க வேண்டியதும் இவ்வளவுதான்.

கிளம்பும்போது அவனிடம் சொன்னேன், "உன் கையை மாத்தினது தப்புப்பா." அவன் சிரித்துக்கொண்டே, "விடுங்க டீச்சர், அப்ப எல்லாரும் அப்படித்தானே" என்றான். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வருகிறாள். என் பழைய மாணவர்களில் இடது கையால் எழுதுகிறவர்கள் இருந்தால், எந்தப் பேனா உங்களுக்கு ஒத்துவந்தது, தாளை எப்படி வைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். நான் யாருடைய கையையாவது மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள்.