"வயசாயிடுச்சு" என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல

"எழுபது தாண்டியாச்சு, மறதி வராமலா இருக்கும்?" நம் வீடுகளில் அதிகம் சொல்லப்படும் வைத்திய அபிப்பிராயம் இதுதான். சொல்பவர் யாரும் டாக்டர் இல்லை. பிள்ளைகள் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறோம். இந்த ஒரு வார்த்தையால் உரிய வைத்தியம் கிடைக்காமல் போனவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பது என் எண்ணம்.

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. ஆனால் நாற்பது வருடமாக ரசம் வைத்த அம்மா, புளியைக் கரைத்துவிட்டு அடுத்து என்ன என்று திகைத்து நிற்பது வேறு. தினமும் போய்வரும் தெருவில் வழி தெரியாமல் நிற்பதும், அரை மணிக்குள் ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்பதும் முதுமை அல்ல. மூளையில் ஏதோ கோளாறு என்பதற்கான அடையாளங்கள்.

அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய டாக்டர் 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பார்த்த நோயாளி 51 வயதுப் பெண்மணி. 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துத்தான், பின்னால் தன் பெயரையே தாங்கிய வியாதியை அவர் விவரித்தார். 51 வயதை யாராவது கிழட்டு வயது என்பார்களா?

எல்லா மறதியும் அல்சைமரும் அல்ல. அல்சைமரில் பெரும்பாலும் நேற்று நடந்தது முதலில் போகும். பள்ளிக்கூடக் கதை நன்றாக நினைவிருக்கும். மூளையின் ரத்தக்குழாய் அடைப்பால் வருவது சிலருக்குப் படிப்படியாக இறங்கும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இது. லூயி பாடி என்ற வகையில் ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பம். அறையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போவார்கள். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் நினைவு ஓரளவு இருக்கும், குணம் மாறிவிடும். சாதுவான மனிதர் கண்டபடி பேசுவார். வீட்டில் "திமிர்" என்பார்கள்.

வகை தெரிவதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். லூயி பாடி உள்ளவருக்கு, மனப்பிரமைக்கென்று வழக்கமாகக் கொடுக்கும் சில மாத்திரைகள் பெரும் கெடுதல் செய்யும். தெரியாமல் கொடுத்தால் ஆபத்து.

அதைவிட முக்கியமானது, சரிசெய்யக்கூடிய காரணங்கள். பி12 குறைவு (மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் இது வரலாம்), தைராய்டு குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள். மூளையில் நீர் சேர்ந்தால் நடை தடுமாறும், சிறுநீர் அடக்க முடியாது, மறதியும் வரும். ஆபரேஷனால் பலருக்குக் குணம் தெரிகிறது.

என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர் திடீரென்று பேச்சு மந்தமாகி, பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தார். 78 வயது, வீட்டில் "வயசு" என்றார்கள். ஒரு மருத்துவமனையிலும் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். மகள் விடவில்லை. வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது, மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்துவது தெரிந்தது. ஒரு மாதத்துக்கு முன் குளியலறை நிலைக்கதவில் லேசாக இடித்துக்கொண்டதன் விளைவு. ரத்தத்தை வெளியேற்றினார்கள். இப்போது மறுபடி எங்களோடு அரசியல் பேசிச் சண்டை போடுகிறார்.

பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. தேதி, கிழமை கேட்பார்கள், 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள். பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். கூடவே இருப்பவர் சொல்லும் விவரம் மிக முக்கியம். எப்போது ஆரம்பித்தது, எப்படி மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நரம்பியல் டாக்டரிடமோ முதியோர் நல டாக்டரிடமோ போகலாம். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

"அல்சைமர்னு தெரிஞ்சா மட்டும் குணமாயிடுமா?" என்பார்கள். ஆகாது. மருந்தால் சிலருக்குச் சில காலம் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான். ஆனால் புத்தி தெளிவாக இருக்கும்போதே உயிலை எழுதலாம், வங்கி நாமினியைச் சரிபார்க்கலாம், யாரோடு இருக்க விருப்பம் என்று நம் வாயால் சொல்லலாம். வீட்டில் உள்ளவர்களும் இது பிடிவாதம் இல்லை, வியாதி என்று புரிந்து திட்டுவதை நிறுத்துவார்கள். அதுவே பாதி வைத்தியம்.

முழங்கால் வலித்தால் எக்ஸ்ரே எடுக்கிறோம். கண் மங்கினால் புரை ஆபரேஷன் செய்துகொள்கிறோம். அங்கெல்லாம் "வயசு" என்று சும்மா இருப்பதில்லை. மூளைக்கு மட்டும் ஏன் அந்த ஓரவஞ்சனை?