நகரத்துக்கு மதிப்பெண் போடலாமா?



2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது பல வீடுகளில் கூடமே அலுவலகம் ஆயிற்று. நோய் தணிந்த பிறகும் அந்தப் பழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நிறுவனம் ஓர் ஊரிலும் ஊழியர் வேறோர் ஊரிலும் இருக்கலாம் என்றாகிவிட்டது. உடனே ஒரு கேள்வி பிறந்தது: இப்படித் தொலைவிலிருந்து வேலை செய்ய எந்த நகரம் ஏற்றது? கேள்வி பிறந்தால் பட்டியல் பிறக்காமல் இருக்குமா? இணைய வேகம், வாடகை, தட்பவெப்பம், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, நகரங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் உலகெங்கும் வெளிவருகின்றன.

இவற்றை நம்பிக் குடும்பங்கள் பெட்டி கட்டுகின்றன. 'நம் ஊரில் உட்கார்ந்து இந்த வேலையெல்லாம் செய்ய முடியாது' என்று சிற்றூர் இளைஞர்கள் முடிவு கட்டுகிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே சொல்கிறேன்: ஒரு நகரத்துக்கு ஒற்றை மதிப்பெண் போடுவது இயற்பியலுக்கு ஒவ்வாத காரியம்.

'இந்த ரயிலின் வேகம் என்ன?' என்று கேட்டால், 'எதைப் பொறுத்து?' என்று திருப்பிக் கேட்க உங்களுக்குத் தெரியும். தண்டவாளத்தைப் பொறுத்து மணிக்கு 80 கி.மீ.; பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் அதே வேகத்தில் ஓடும் ரயிலைப் பொறுத்துச் சுழி. நகரத்தின் பொருத்தமும் அப்படித்தான். அது நகரத்துக்கு மட்டும் உரிய குணமல்ல. நகரத்துக்கும் அங்கே இருப்பவருக்கும் அவருடைய அலுவலகத்துக்கும் இடையே உள்ள உறவு.

சென்னையை எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் அங்கே ஒரே தெருவில் வசிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருடைய அலுவலகம் சிங்கப்பூரில், இன்னொருவருக்கு இலண்டனில், மூன்றாமவருக்கு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில். மூன்று அலுவலகங்களும் தத்தம் ஊர் நேரப்படி காலை 9 முதல் மாலை 5 வரை இயங்குகின்றன. குளிர்காலத்தில் நம் கடிகாரப்படி கணக்கிட்டால், முதலாமவருக்குக் காலை 6.30 முதல் பிற்பகல் 2.30 வரை வேலை. இரண்டாமவருக்குப் பிற்பகல் 2.30 முதல் இரவு 10.30 வரை. மூன்றாமவருக்கு இரவு 10.30 முதல் மறுநாள் காலை 6.30 வரை. பஞ்சாலையின் மூன்று ஷிப்டுகள்தாம்; சங்கு ஊதவில்லை, அவ்வளவே!

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. எந்த நிறுவனமும் அதை மாற்ற முடியாது. இரவெல்லாம் விழிப்பவர் சென்னையின் மே மாதப் பகலில் தூங்க வேண்டும். அவருக்கு நண்பகல் வெப்பமும் தெருச் சத்தமும் தூக்கத்தைக் கெடுக்கும் பெரிய காரணிகள். மற்ற இருவருக்கும் அவை அந்த அளவுக்குப் பெரிதல்ல. ஒரே தெரு, ஒரே வெயில், ஆனால் மூன்று விடைகள். பட்டியலில் சென்னைக்கு எந்த மதிப்பெண்ணைப் போடுவது?

இனி இணையத்துக்கு வருவோம். பட்டியல்கள் பெரும்பாலும் விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதையே பார்க்கின்றன. அது குழாயின் அகலம். திருகைத் திறந்ததும் முதல் சொட்டு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு அளவு. அந்தத் தாமதம்தான் உரையாடலைக் கெடுக்கும். இதற்கு அந்தமானின் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நல்ல எடுத்துக்காட்டு. நெடுங்காலம் அந்நகரம் வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக் கோள்களையே நம்பியிருந்தது. அவை சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளன. செய்தி மேலே போய்க் கீழே வர 72,000 கி.மீ. ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஆகவே 0.24 விநாடி. பதில் திரும்பி வரவும் அதே நேரம். கிட்டத்தட்ட அரை விநாடி வெறும் பயணத்திலேயே கழிந்துவிடும்! இருவர் பேசினால் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு ஏறிவிடாதா?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குக் கடலடி ஒளியிழை வடம் திறக்கப்பட்டது. கிளைகளையும் சேர்த்து நீளம் சுமார் 2,300 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. வேகத்தில்தான் செல்லும். ஆனால் போர்ட் பிளேருக்கு உள்ள தூரம் சுமார் 1,400 கி.மீ.தானே. போய்வர 14 மில்லி விநாடி. கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும் பேச்சில் அது தெரியாது. கடலும் தென்னையும் அப்படியே இருக்க, அந்நகரம் வேறு நகரமாகிவிட்டது.

பட்டியல்களில் எனக்குள்ள பெரிய குறை, கூட்டல் கணக்கு. மின்சாரம், இணைப்பு, அமைதியான ஓர் அறை, ஒத்துவரும் நேரம் ஆகியவை தொடர் இணைப்பில் உள்ள விளக்குகள் போன்றவை. ஒன்று அறுந்தால் மின்னோட்டம் சுழி. கூட்டிப் போடுபவரோ அவற்றைப் பக்க இணைப்பாகக் கருதிவிடுகிறார். மின்சாரத்தில் சுழி வாங்கிய ஊரும் மற்ற மூன்றில் நல்ல மதிப்பெண் பெற்று முன்வரிசையில் நிற்கும்!

எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதும் பட்டியல் போடுபவரின் விருப்பம். 'அ' நகரம் இணையத்தில் 9, வாடகையில் 4. 'ஆ' நகரம் 6, 8. இணையத்துக்கு 60 சதவீதம், வாடகைக்கு 40 என்றால் 'அ' 7.0, 'ஆ' 6.8. சதவீதத்தை மாற்றிப் போடுங்கள்: 'அ' 6.0, 'ஆ' 7.2. முதலிடம் கைமாறிவிட்டது, நகரங்களில் ஒரு செங்கல்கூட நகரவில்லை.

வாடகை மலிவு என்பதும் யாருக்கு? டாலரில் சம்பளம் வாங்குபவருக்கு மலிவான வீடு, உள்ளூர்ச் சம்பளக்காரருக்கு எட்டாமல் போகலாம். மெக்சிகோ நகரில் 2025 ஜூலையில் வாடகை உயர்வை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கோபத்தின் ஒரு பங்கு, வெளிநாட்டிலிருந்து வந்து தங்கித் தொலைவேலை செய்வோர்மீது இருந்தது.

சராசரியையும் சற்று ஐயத்தோடு பாருங்கள். '99 சதவீத நேரம் மின்சாரம் உண்டு' என்றால் ஆண்டில் 87 மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று பொருள். அது தினமும் கால் மணியாகப் போனால் ஒரு பாட்டரி சமாளித்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் சில பகுதிகளில் நேர்ந்ததுபோலத் தொடர்ந்து சில நாட்கள் போனால் பாட்டரி என்ன செய்யும்? சதவீதம் இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

உங்கள் ஊரை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு மாதம் மின்சாரம் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறியுங்கள். வீட்டில் இணைய இணைப்பு இருந்தால் காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளையும் வேகத்தோடு தாமதத்தையும் எழுதுங்கள். மாத முடிவில் சராசரி எடுக்க அவசரப்பட வேண்டாம். மிக மோசமான நாள் எது என்பதை முதலில் தேடுங்கள்.