சோற்றுக்கு முன் மீன்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து கீழ்வேளூருக்குத் திரும்புகிறவரிடம் நாம் கொடுத்தனுப்பும் உணவு அட்டையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஓட்ஸ், கிரீக் யோகர்ட், டோஃபு, கிரில்டு சிக்கன். திருவாரூர் - நாகப்பட்டினம் சாலையில் இருக்கும் அந்த ஊர்க்காரர் இதையெல்லாம் எந்தக் கடையில் போய் வாங்குவார்? கொஞ்ச நாளில் அட்டை காலண்டருக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் அவர் சாப்பிடுவது ரசம் சாதம்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுகிறோம். பைபாஸில் மிஞ்சுவது 30 மில்லி அளவுள்ள சிறு பை. அதற்குள் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போய்ச் சேர வேண்டும். வடித்த சோறு 100 கிராமில் 3 கிராம் புரதம்கூடக் கிடையாது. டெல்டாவில் சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. பழைய வரிசையிலேயே உண்பவருக்கு நாலு வாய் சோற்றில் வயிறு நிறைந்துவிடுகிறது, மீன் துண்டு தட்டில் கிடக்கிறது. ஒரு நாள் அவசரமாக விழுங்கிய கோழித் துண்டு நெஞ்சை அடைக்கிறது. அந்தப் பயத்தில், வழுக்கிக்கொண்டு இறங்குவதற்கே ஒதுங்கிவிடுகிறார்: குழைந்த சோறு, கஞ்சி, டீயில் நனைத்த பிஸ்கட். 'கொஞ்சமாத்தான் டாக்டர் சாப்பிடுறேன்' என்று அவர் சொல்வது பொய்யில்லை. கொஞ்சம்தான், ஆனால் அடிக்கடி, அத்தனையும் மாவுச்சத்து. முதலில் முடி கொட்டும், தசை கரையும். பின்னால் எடையும் ஏறத் தொடங்கும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும் என்கிறோம். சொன்னபடி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, சோற்றில் இரண்டு கரண்டி ரசத்தை ஊற்றிக்கொள்கிறார். ரசத்தையும் மோரையும் நம் வீடுகளில் யாரும் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. நாமாவது அதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

சோற்றையே விட்டுவிடுங்கள் என்ற ஆலோசனை இங்கே எடுபடாது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தையொட்டி 1968 டிசம்பரில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சோற்றை 'வெறும் கார்போ' என்று உதறிப் பேசுகிற ஆலோசகரை இந்த ஊர் மதிக்காது, மதிக்கவும் வேண்டாம். வரிசையை மாற்றச் சொல்வோம். முதலில் புரதம், அடுத்து காய், வயிற்றில் இடமிருந்தால் சோறு.

அதற்கான உணவு உள்ளூரிலேயே இருக்கிறது. மசித்த உணவிலிருந்து மென்மையான உணவுக்கு மாறும் வாரங்களுக்குச் சுறாப்புட்டைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை. பால்சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, முள் நீக்கி உதிர்த்து, வெங்காயம் பூண்டோடு கிளறி எடுப்பது. அடைக்கிற நார் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பண்டம் என்பதால் வீட்டுப் பெரியவர்களும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். எண்ணெயையும் காரத்தையும் குறைக்கச் சொன்னால் போதும். சைவர்களுக்கும் வழி உண்டு: சம்பா அறுவடைக்கு முன்பே ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிற பூமி இது. வேகவைத்து மசித்த பயறு, உளுந்தங்கஞ்சி எல்லாம் தரலாம். கஞ்சியில் வெல்லம் மட்டும் வேண்டாம். பைபாஸ் செய்தவருக்குச் சாப்பிட்டுச் சிறிது நேரத்திலேயே படபடப்பும் வியர்வையும் வந்துவிடும். முதல் சில மாதங்களுக்குப் பருப்பு மட்டும் போதாது, புரதப் பொடியும் தேவைப்படும். அதை மோரில் கரைத்துக் குடிக்கலாம்.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. பி12, இரும்பு, கால்சியம் ஆகியவை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை. இரும்பு மாத்திரையைக் காலை காபியோடு விழுங்கினால் பாதி வீண். கால்சியத்தோடும் சேர்க்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

தயமினைப் பற்றி அப்படிச் சுருக்க முடியாது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் பின்னர் ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. தீட்டிய பச்சரிசியில் தயமின் போய்விடும், புழுங்கலில் ஓரளவு தங்கும் என்பது நமக்கெல்லாம் பழைய பாடம். அந்தப் பாடம் இப்போது வேறு வடிவில் திரும்பி வருகிறது. உடலில் இருக்கும் தயமின் இருப்பு இரண்டு மூன்று வாரங்களே தாங்கும். சிகிச்சைக்குப் பின் ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கு அதுவும் தீர்ந்துவிடுகிறது. பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். இது வெர்னிக்கி நோய்.

வாந்தி என்றதும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர்களில் அன்றாட வழக்கம். இவருக்கு அதுவே வினையாகலாம்: மிஞ்சியிருக்கும் தயமினையும் குளுக்கோஸ் செலவழித்துவிடும், மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். இரவு பத்து மணிக்கு வாந்தியோடு அவர் போய் நிற்பது பக்கத்துக் கிளினிக்கிலோ நாகை, திருவாரூர் அரசு மருத்துவமனைகளிலோதான். அறுவை சிகிச்சை செய்த நாம் அங்கே இருக்க மாட்டோம்.

அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு இன்னொரு தாளையும் இணைத்துக் கொடுங்கள். ஒரு பக்கம், வீட்டில் சமைக்கிறவருக்குத் தமிழில் எழுதிய உணவு வரிசை. அதை நோயாளியிடம் மட்டும் விளக்காமல், சமைக்கிறவரையும் உட்கார வைத்து விளக்குங்கள். மறுபக்கம், உள்ளூர் மருத்துவருக்குப் பெரிய எழுத்தில் நமது தொலைபேசி எண்ணும் இரண்டே வரிகளும்: இவருக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வாந்தியோடு வந்தால் முதலில் தயமின் ஊசி, அதன் பிறகே குளுக்கோஸ்.