ஐந்தாம் வகுப்பில் நிறுத்திவைத்தல்: சங்கத்தின் நிலைப்பாடு

2024 டிசம்பரில் ஒன்றிய அரசு திருத்திய கல்வி உரிமை விதி, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாத குழந்தையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழிசெய்கிறது. தமிழ்நாடு அரசு இதை ஏற்கவில்லை. இதே வகுப்புகளுக்கு இங்கே 2019இல் அறிவித்த பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்ட கதையும் உறுப்பினர்களுக்குத் தெரியும். ஆயினும் "எழுத்துக்கூட்டத் தெரியாதவனை ஏன் மேலே தள்ள வேண்டும்?" என்று நம்மவர்களே கேட்பதால் இந்த அறிக்கை.

நிறுத்திவைப்பதை நம் ஆசிரியர் சங்கம் எதிர்க்கிறது. தேர்வு இல்லாவிட்டால் வாசிக்கத் தெரியாத குழந்தை யார் கண்ணிலும் படாமல் போய்விடும் என்று சில கிளைகள் அஞ்சுவதைச் செயற்குழு கவனத்தில் கொண்டுள்ளது.

ஆனால் அதைக் கண்டறிய ஐந்தாம் வகுப்புவரை காத்திருப்பானேன்? இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். வாசிக்கத் தெரியாதவன் பாடத்தை மளமளவென்று ஒப்பிப்பான். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரல் வைத்தால் விழிப்பான். கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான். 'கொ' என்று எழுத ககரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ககரம். பல குழந்தைகள் இதைத் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். சிலரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஓசையைப் பிரித்தும் சேர்த்தும், தினமும் பழக்க வேண்டும். யார் செய்வது? ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வாக்காளர் பட்டியலோடு தெருவில் நிற்கிறார். மற்றவர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுகிறார். நிறுத்திவைத்தால் அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது அதே அறை, அதே புத்தகம், அதே ஆசிரியர். கூடவே தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்காரும் அவமானம். இதற்குப் பெயர் தரமா?

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் ஓரளவு பயன் தந்திருப்பதாகக் கருதுகிறோம். அதன் மதிப்பீட்டுப் பதிவுகள் கற்பிக்கும் நேரத்தை விழுங்குவதையும் பதிவு செய்கிறோம்.

வாசிக்கத் திணறுவோரில் சிலருக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரிக்கிறது. சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஒருவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. முதல் வகுப்பில் தேவைப்பட்ட உதவி, பத்தாம் வகுப்பில்!

ஆகவே சங்கம் கோருவது இது: இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையின் வாசிப்பையும் தனியே பார்க்க வேண்டும். திணறும் குழந்தை உள்ள பள்ளிக்கு வட்டார வள மையச் சிறப்பாசிரியர் வாரம் ஒருமுறையேனும் வர வேண்டும். முதல் மூன்று வகுப்பு ஆசிரியர்களை வேறு பணிக்கு எடுக்கக் கூடாது. இதில் மட்டும் சமரசம் இல்லை.

உங்கள் வகுப்பில் திணறும் குழந்தைகளின் எண்ணிக்கையை அடுத்த கூட்டத்துக்கு முன் கிளைச் செயலாளரிடம் எழுதித் தாருங்கள். பெயர்கள் வேண்டாம்.

மாநிலச் செயற்குழு